ரெட் அலர்ட் வந்தால் எவ்வளவு மழைக்குத் தயாராவது? (தென்மாவட்டம், வடகிழக்குப் பருவமழை)

ஏரல்காரர்
எல்லாருக்கும் வணக்கம். ஐப்பசி பிறக்கப் போகுது. எங்க ஊர்ல கொஞ்சம் பேர் சேர்ந்து, இந்த வருசம் மழைக்கு முன்னாடியே ஏற்பாடு பண்ணிவைக்கணும்னு பேசிக்கிட்டிருக்கோம். 2023 டிசம்பர் 17, 18 எப்படி இருந்துச்சுன்னு தாமிரபரணிக் கரையில இருக்கிற யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 செ.மீ. திருச்செந்தூர்ல 69. ஸ்ரீவைகுண்டத்துல 62.

என் கேள்வி இதுதான். அந்த மழைக்கும் சிவப்பு எச்சரிக்கைதான் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் எத்தனையோ தடவை சிவப்பு கொடுத்திருக்காங்க, அதுல பாதி நாள் முழங்கால் தண்ணிகூட நிக்கல. அப்புறம் அரசியல்ல பெரிய சண்டை நடந்துச்சு. டிசம்பர் 12லேயே முன்னறிவிப்பு கொடுத்தாச்சுன்னு மத்திய அரசு தரப்பு சொல்லிச்சு. இவ்வளவு மழைன்னு சொல்லவே இல்லையேன்னு மாநில அரசு தரப்பு சொல்லிச்சு. ரெண்டு பேரும் சொன்னதை நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். ஆத்தங்கரையில இருக்கிறவன் எந்த நேரத்துல எந்த முடிவு எடுக்கணும்ங்கிறது ரெண்டுலயும் இல்லை.

வானிலை விவரம் தெரிஞ்சவங்க, வெள்ளத்துல நின்னவங்க, முகாம் நடத்தினவங்க யாரா இருந்தாலும் சொல்லுங்க.

மழைமானி
அண்ணாச்சி, நல்ல நேரத்துல கேட்டிருக்கீங்க. முதல்ல அளவைச் சொல்லிடறேன், மத்ததெல்லாம் அதுலதான் நிக்குது.

ஐஎம்டி (இந்திய வானிலைத் துறை) கணக்குல 24 மணி நேரத்துல 64.5 மி.மீ. தொட்டா கனமழை. 115.6 தொட்டா மிகக் கனமழை. 204.5 மி.மீ., அதாவது 20 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல போனா அதி கனமழை. அதோட வகை முடிஞ்சுது. 21 செ.மீ. பெய்தாலும் அதி கனமழை, 95 பெய்தாலும் அதி கனமழைதான். எச்சரிக்கையில அதுக்கு மேல இன்னொரு வார்த்தையும் இல்லை, இன்னொரு நிறமும் இல்லை. நீங்க சொன்ன அந்தச் சண்டைக்கு வேர் இங்கதான் இருக்கு. "20 செ.மீ.க்கு மேல்"னு சொன்னது தப்பில்லை. ஆனா கேட்டவங்க காதுல அது "20, 25 செ.மீ."ன்னு விழுந்துச்சு.

இன்னொண்ணு, வானிலைக்காரங்க நாள் காலை 8.30க்கு ஆரம்பிச்சு மறுநாள் காலை 8.30க்கு முடியும். 17ஆம் தேதிக்கான எச்சரிக்கைன்னா 17 காலையில இருந்து 18 காலை வரைக்கும். ராத்திரி 12 மணியோட கண்டம் கழிஞ்சுதுன்னு படுக்கப் போகக் கூடாது.

அப்புறம் "ஓரிரு இடங்களில்". இதை ரேடியோவுல கேட்டுட்டு நம்ம ஊருக்கு இல்லைன்னு விட்டுடறோம். மாவட்டத்துல இருக்கிற மழைமானி நிலையங்கள்ல 25 சதவீதம் வரைக்கும் பெய்யலாம்னு அதுக்கு அர்த்தம். எந்த 25 சதவீதம்னு அதுல கிடையாது. மழையளவு எவ்வளவு பெருசா இருந்தாலும் பெரும்பாலும் ஓரிரு இடங்கள்னுதான் வரும், ஏன்னா அந்த மாதிரி மழை மாவட்டம் முழுக்கப் பெய்றது அபூர்வம்.

நங்கநல்லூர்_சேது
அதெல்லாம் சரி. ஆனா நூறு கோடிக் கணக்குல செலவு பண்ணி சாட்டிலைட், சூப்பர் கம்ப்யூட்டர்னு வச்சிருக்கிற ஒரு தேசிய நிறுவனம் 95 செ.மீ.யைக் கண்டுபிடிக்க முடியலைன்னா அது தோல்விதானே சார்? தனியார் வானிலைப் பதிவர்கள் வீட்ல உக்காந்து வெளிநாட்டு மாடல்களை (கம்ப்யூட்டர் கணிப்புகளை) பார்த்து இதைவிட நல்லா சொல்றாங்க. மக்கள் ஏன் வெளிநாட்டுப் படங்களைப் பார்க்கிறாங்கன்னு யோசிக்கணும்.

மழைமானி
சேது சார், பதிவர்கள் உழைப்பை நான் ரொம்ப மதிக்கிறேன். மக்கள் மொழியில மணிக்கு மணி சொல்றாங்க, அதை ஐஎம்டி கத்துக்கணும். ஆனா எனக்குத் தெரிஞ்சவரை அந்த வாரம் 95 செ.மீ.ன்னு எந்த மாடலும் எந்தப் பதிவரும் ஊர் பேர் போட்டுச் சொல்லலை. சொல்லவும் முடியாது. ஏன்னு பாருங்க.

காயல்பட்டினத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவுல பத்து கிலோமீட்டர்கூடச் சரியா இருக்காது. மழை வித்தியாசம் 26 செ.மீ. அந்த வித்தியாசமே ஒரு ரெட் அலர்ட் மழை. ஐஎம்டி அப்ப ஓட்டிக்கிட்டிருந்த உலக அளவு மாடல்ல ஒரு கட்டம் 12 கிலோமீட்டர். அதாவது இந்த ரெண்டு ஊரும் மாடலுக்கு ஒரே புள்ளி. 2025 மே மாசம் வந்த பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டத்துல அது 6 கிலோமீட்டரா குறைஞ்சிருக்கு. நல்ல முன்னேற்றம். ஆனாலும் ஒரே இடத்துல மேகக் கூட்டம் நகராம நின்னு விடிய விடியக் கொட்டுறதை ரெண்டு நாள் முன்னாடி ஊர் வாரியா சொல்ற அளவுக்கு உலகத்துல எந்த நாட்டுக்கும் இன்னும் வரலை.

அப்புறம் அது புயலே இல்லை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்கூட இல்லை. இலங்கைக்கு அருகே, குமரிக்கடல் பக்கம் நின்ன ஒரு வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி. அதுக்குப் பேர் கிடையாது, டிவியில சுத்துற படம் கிடையாது, துறைமுகத்துல கூண்டு ஏத்துறது கிடையாது. அதே மாசம் 5ஆம் தேதி மிக்ஜாம் புயல் ஆந்திராவுல பாபட்லா பக்கம் கரையைக் கடக்குற வரைக்கும் தமிழ்நாடே சென்னையைப் பார்த்துக்கிட்டிருந்துச்சு. பத்து நாள் கழிச்சு பேரில்லாத மழை தெற்க வந்து அடிச்சுது. பேர் இருந்தாத்தான் பயப்படணும்ங்கிற பழக்கத்தை நாம விடணும்.

ரேடார் விஷயமும் இருக்கு. காரைக்கால்ல ஒண்ணு, திருவனந்தபுரத்துல ஒண்ணு. தூத்துக்குடி ரெண்டுக்கும் தூரம், திருவனந்தபுரத்துக்கும் நமக்கும் நடுவுல மேற்குத் தொடர்ச்சி மலை வேற. தூரம் போகப் போக ரேடார் கதிர் உயரத்துல போயிடும், தாழ்வான மேகம் சிக்காது. ராமநாதபுரத்துல ரேடார் வைக்கிறதா மாநில அரசு அறிவிச்சிருக்கு. அதைத் தென்மாவட்டத்துக்காரங்க விடாமக் கேக்கணும்.

வாழைத்தோட்டம்
நான் ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழை போட்டிருக்கேன். மழைமானி தம்பி சொன்னதை ஒரு விவசாயியா ஒத்துக்கிறேன். ஆனா ஒரு குறை இருக்கு.

மாவட்டத்துக்கு ஒரு நிறம் கொடுத்தா எனக்கு அதால பாதிதான் பிரயோசனம். என் தோட்டத்துல பெய்ற மழையைவிட பாபநாசத்துலயும் மணிமுத்தாறுலயும் மாஞ்சோலையிலயும் பெய்ற மழைதான் என்னைக் கொல்லும். சீவலப்பேரியில சித்தாறு வந்து சேரும். மருதூர் அணைக்கட்டு தாண்டி ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு எவ்வளவு கனஅடி வருதுன்னு மணிக்கு ஒரு தடவை யாராவது சொன்னா போதும், மோட்டாரைக் கழட்டி மேட்டுக்கு ஏத்திடுவேன், மாட்டை அவுத்து விட்டுடுவேன். வாழையைக் காப்பாத்த முடியாது, அது தெரியும். அஞ்சு எச்பி மோட்டாரும் மாடும் மிஞ்சினா அடுத்த போகத்துக்கு எந்திரிச்சிடலாம்.

குளங்களையும் சேர்த்துக்கோங்க. அன்னைக்கு ஆறு மட்டும் பண்ணல, குளம் ஒண்ணொண்ணா உடைப்பெடுத்துத்தான் ஊருக்குள்ள வந்துச்சு. தூத்துக்குடி டவுனுக்குள்ள கோரம்பள்ளம் குளத்துத் தண்ணி வந்ததை எல்லாரும் பார்த்தோம். மறுகால் ஓடையில (குளம் நிரம்பினா உபரித் தண்ணி போற வழி) முள்ளு மண்டிக் கிடந்தா, மறுகால் போக வேண்டிய தண்ணி கரையைத் தள்ளும். புரட்டாசியிலயே ஒரு ஜேசிபி வச்சு அதை எடுத்துட்டா அது ஒரு எச்சரிக்கையைவிடப் பெருசு.

வேளாண் வானிலைக்குன்னு மாவட்டங்கள்ல இருந்த அலகுகள், நாடு முழுக்க 199, அதை 2024 தொடக்கத்துல மூடிட்டாங்க. இந்த வாரம் உரம் போடலாமா, அறுப்பைத் தள்ளிப் போடலாமான்னு உள்ளூர் நிலவரத்தோட சொன்னது அவங்கதான். அது மறுபடி வரணும்.

தென்பெண்ணைக்கரை
வாழைத்தோட்டம் அண்ணன் சொன்னதுக்கு எங்க பக்கத்து சாட்சி.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறுச்சு. ஏறின இடத்துலயே அசையாம நின்னுச்சு. மயிலத்துல 51 செ.மீ. நாங்க கடலைத்தான் பார்த்துக்கிட்டிருந்தோம். மறுநாள் அது உள்ள போச்சு, ஊத்தங்கரையில 50 செ.மீ. கொட்டுச்சு. ஊத்தங்கரை எங்க இருக்கு, கடல் எங்க இருக்கு! அந்தத் தண்ணி எங்க தென்பெண்ணையில இருக்கிற சாத்தனூர் அணைக்கு வந்து, டிசம்பர் 2 விடியக்காலைக்குள்ள விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்தாங்க. அஞ்சு தடவை எச்சரிக்கை கொடுத்தோம்னு அரசு சொன்னது. கொடுத்திருக்கலாம். எங்க தெருவுக்கு அது வந்து சேரலை. நடுராத்திரியில வர்ற எஸ்எம்எஸ்ஸை யார் எடுத்துப் பார்ப்பா? ஆத்துல தண்ணி கூடுறப்ப ஊர்ல ஒரு சைரன், இல்லைன்னா கோயில் மைக்கு, பள்ளிவாசல் மைக்கு, சர்ச்சு மணி, ஏதோ ஒண்ணு அடிக்கணும். தூங்குறவனை எழுப்புற சத்தம்தான் எச்சரிக்கை.

அதனால ஏரல்காரருக்கு நான் சொல்றது: உங்க மாவட்ட நிறத்தோட மேல் மாவட்டத்து நிறத்தையும் சேர்த்துப் பாருங்க. உங்க ஊர்ல வெயில் அடிக்கலாம், தென்காசி மலையில சிவப்பு இருந்தா உங்களுக்கும் சிவப்புதான்.

தூத்தூர்_கடலோடி
நான் குமரி மாவட்டம். நீங்க எல்லாரும் கரையில நின்னு பேசுறீங்க. ஒக்கி வந்தப்ப எங்க ஆள்கள் கடல்ல நின்னாங்க.

2017 நவம்பர் 29 தாழ்வு மண்டலம், 30 காலையில புயல். அவ்வளவு வேகம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆள்கள் தங்கல் தொழிலுக்குப் போறவங்க. ஒரு தடவை போனா வாரக்கணக்குல கடல்லதான். கரையில இருந்து "கடலுக்குப் போகாதீங்க"ன்னு சொன்னா, ஏற்கெனவே போனவனுக்கு அதை யார் சொல்றது? ஒயர்லெஸ் செட்டு கொஞ்ச தூரத்துக்குத்தான் எடுக்கும். புயல் வர்ற செய்தி புயலாவே வந்துச்சு. எத்தனை வீட்ல உடல்கூடத் திரும்பலைன்னு எங்க ஊருக்கு வந்தா சொல்லுவாங்க.

அதுக்கப்புறம் சில நல்லது நடந்திருக்கு, அதையும் சொல்லணும். 2019ல ஜெமினின்னு ஒரு கருவி வந்துச்சு, சாட்டிலைட் வழியா செய்தி படகுக்கு வரும், ஆனா படகுல இருந்து பதில் அனுப்ப முடியாது. இப்ப வைக்கிற டிரான்ஸ்பாண்டர்ல ரெண்டு பக்கமும் செய்தி போகும். 1 லட்சம் படகுக்குன்னு 2024ல திட்டம் தொடங்கினாங்க. எல்லாப் படகுலயும் வேலை செய்யுற நிலையில இருக்கணும், அதான் முக்கியம். பேட்டரி செத்துக் கிடந்தா கருவி இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒவ்வொரு தங்கலுக்கும் முன்னாடி டீசல், ஐஸ் பார்க்கிற மாதிரி அதையும் பார்க்கணும்னு எங்க சங்கத்துல சொல்லிக்கிட்டிருக்கேன்.

ஏரல்காரரே, உங்க ஊர்லயும் கேளுங்க: செய்தி கிடைக்காத இடத்துல யார் இருக்கா? தோட்டத்துக் காவல்காரங்க, செங்கல் சூளை வேலைக்கு வந்த வெளியூர்க் குடும்பம், ஆத்தங்கரை ஓரமா இருக்கிற குடிசை. அவங்களுக்கு ஒரு ஆளை முதல்லயே நியமிச்சு வைங்க.

நங்கநல்லூர்_சேது
மனசு கனக்குது கடலோடி. 

ஆனாலும் ஒரு நடைமுறைப் பிரச்சினையைச் சொல்றேன். 2024 அக்டோபர்ல சென்னைக்கு ரெட் அலர்ட். வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா காரை ஏத்தி நிறுத்தினாங்க. மழை ஒதுங்கிப் போச்சு. அடுத்த தடவை அந்த ஜனங்க கேப்பாங்களா? சென்னையில கார்க்காரன் ஒரு நாள் கஷ்டப்பட்டா சரி. தினக்கூலிக்காரனை ரெண்டு தடவை சும்மா முகாமுக்குக் கூட்டிப் போனா மூணாவது தடவை வரமாட்டான்.

மழைமானி
நியாயமான கேள்வி. அந்தக் கார்க்காரங்க பண்ணினது ரொம்பச் சரின்னு நான் சொல்லுவேன். முந்தின வருசம் மிக்ஜாம்ல வண்டி மூழ்கினவங்க அவங்க. ஒரு ராத்திரி பாலத்துல நிறுத்தினதால என்ன நஷ்டம்?

ஒடிசாவைப் பாருங்க. 1999 பெரும்புயல்ல கிட்டத்தட்ட 10,000 பேர் செத்தாங்க. 2013ல ஃபைலின் வந்தப்ப ஏறக்குறைய 10 லட்சம் பேரைக் கரையோரத்துல இருந்து வெளியேத்தினாங்க, உயிர்ச்சேதம் சில பத்துகளோட நின்னுச்சு. நடுவுல 14 வருசம். அதுக்குள்ள வானிலைக் கணிப்பு நல்லா வளர்ந்துச்சு, அது உண்மை. ஆனா புயல் பாதுகாப்பு மையக் கட்டடங்கள், அதுக்குப் போற சாலை, ஊர் ஊரா பயிற்சி எடுத்த இளைஞர் குழு, இதெல்லாம் சேர்ந்துதான் அது. நம்ம கஜாவுலயும் 2018ல ஆள்களை முன்கூட்டியே நகர்த்தினாங்க, அது பல உயிரைக் காப்பாத்துச்சு. தென்னையும் மின்கம்பமும் போச்சு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் இன்னும் அந்த வலி இருக்கு.

தினக்கூலிக்காரர் விஷயத்துல சேது சார் சொன்னது சரி. வந்தா சோறு சூடா கிடைக்கும், பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்கும், ஆடு மாட்டையும் கட்டலாம்னு தெரிஞ்சா வருவாங்க. முகாம் மோசமா இருந்தா எச்சரிக்கை எவ்வளவு சரியா இருந்தாலும் வரமாட்டாங்க.

ஓய்வு_தலைமையாசிரியர்
முகாம் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் பணியாற்றிய பள்ளி பலமுறை முகாமாக இருந்திருக்கிறது.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. பள்ளிகளுக்கு விடுமுறை. ஒரு முகாமின் முதல் பிரச்சினை சாவி. சாவி வைத்திருப்பவர் பத்து கிலோமீட்டர் தள்ளி இருப்பார், நடுவில் பாலம் மூழ்கியிருக்கும். பூட்டை உடைத்துத் திறக்க வேண்டியதாகும். மழைக்காலம் தொடங்கும்போதே தலைமையாசிரியரிடமும் வி.ஏ.ஓ.விடமும் எழுதி வாங்கிக்கொண்டு, பள்ளிக்கு அருகிலேயே குடியிருக்கும் இருவரிடம் மாற்றுச் சாவி கொடுத்துவையுங்கள்.

இரண்டாவது கழிப்பறை. நூறு பேர் வந்ததும் தொட்டி காலியாகும், மின்சாரம் இருக்காது, மோட்டார் ஓடாது. கைபம்பு இருந்தால் முன்னதாகவே பழுது பார்த்து வையுங்கள். பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள், கழிப்பறை போக வழியில்லாமல். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாப்கின் ஒரு பெட்டி கட்டாயம் வாங்கி வையுங்கள்.

மூன்றாவது, எந்தப் பள்ளி? ஊரில் பெரிய கட்டடம் என்பதற்காகத் தாழ்வான இடத்தில் இருக்கும் பள்ளியை முகாமாக எழுதி வைத்திருப்பார்கள். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸில் சுமார் 800 பேர் சிக்கியபோது ஒரு பகுதியினரை அருகில் இருந்த பள்ளிக்கு அழைத்துச் சென்றார்கள். பிறகு அந்த வழியும் துண்டிக்கப்பட்டது. மீதிப் பேர் நிலையத்திலேயே இருந்தார்கள். சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் தங்களுக்கே வழியில்லாத நிலையில் அரிசி கொண்டுவந்து சமைத்துக் கொடுத்தார்கள். முகாம் மேட்டில் இருந்தால் மட்டும் போதாது, அதற்குப் போகும் வழியும் மேட்டில் இருக்க வேண்டும்.

நர்சக்கா
சார் எழுதினதோட என்னுடையதையும் சேர்த்துக்கோங்க. நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பார்க்கிறேன்.

பிரசவ தேதி நெருங்கினவங்க பட்டியல் எங்ககிட்ட எப்பவும் இருக்கும். ஆரஞ்சு வந்தவுடனேயே அவங்களை ஆஸ்பத்திரிக்கு நகர்த்தணும், சிவப்புக்குக் காத்திருக்கக் கூடாது. 2023ல ஹெலிகாப்டர்ல கர்ப்பிணியைத் தூக்க வேண்டிய நிலை வந்துச்சு. டயாலிசிஸ் பண்றவங்களுக்கு ரெண்டு நாள் தள்ளினாலே மூச்சுத் திணறும். அவங்க முறைநாளை ஒரு நாள் முன்னாடி மாத்திக்கச் சொல்லணும். இன்சுலின் போடுறவங்க ஃபிரிட்ஜை நம்பக் கூடாது, கரண்ட் போயிடும். மண்பானைத் தண்ணிக்குள்ள ஒரு டப்பாவுல வச்சா சில நாளைக்குத் தாங்கும். பிரஷர், வலிப்பு, மனநல மாத்திரை, எல்லாம் ரெண்டு வாரத்துக்குக் கையில இருக்கணும். தண்ணி வடிஞ்ச பிறகு சேத்துல வெறுங்காலோட நடக்கிறவங்களுக்கு எலிக்காய்ச்சல் வரும், காய்ச்சல்னா உடனே வாங்க.

ஏரல்காரர்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, உங்க பதிவை அப்படியே பிரிண்ட் எடுத்து ஒட்டப் போறேன்.

நேத்து ராத்திரி ஒரு கணக்குப் போட்டேன். ஒரு சதுர மீட்டர்ல 1 மி.மீ. மழைன்னா 1 லிட்டர். 600 சதுர அடி மொட்டை மாடியில 95 செ.மீ. பெய்தா 53,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி நாலுக்கு மேல. ஒரு வீட்டு மாடியில மட்டும். இதை நேத்து டீக்கடையில சொன்னேன், அதுவரைக்கும் பேசிக்கிட்டிருந்தவங்க அமைதியாயிட்டாங்க. சிவப்புன்னு சொன்னப்ப வராத பயம் லாரிக்கணக்கு சொன்னப்ப வந்துச்சு.

வானிலை மையத்துக்கு என் வேண்டுகோளும் அதுதான். "அதி கனமழை"யோட நிறுத்தாதீங்க. எந்த வாய்க்கால் தாங்காது, எந்த ரோடு அறுபடும், எந்தத் தெருவுக்குள்ள தண்ணி வரும்னு சொல்லுங்க. அது உங்களால மட்டும் முடியாது, நீர்வளத்துறையும் தாலுகா ஆபீசும் ஊராட்சியும் கணக்குக் கொடுக்கணும். மாநிலம் முழுக்க 1,400 தானியங்கி மழைமானித் திட்டம் இருக்கே, அந்த அளவு எங்க ஊருக்கு மணிக்கு மணி தெரியணும்.

அது வர்ற வரைக்கும் நாங்க இப்படி முடிவு பண்ணியிருக்கோம். ஊராட்சி போர்டுல எழுதப் போறது கீழே. தப்பு இருந்தா திருத்துங்க.

"மஞ்சள்: மருந்து, அரிசி, தீப்பெட்டி, டார்ச், ரேடியோ பேட்டரி பார்த்து வை. ஆதார், பத்திரம், பாஸ்புக் பிளாஸ்டிக் பையில். மறுகால் ஓடை பார்க்க ஆள் போக வேண்டும்.

ஆரஞ்சு (நம் மாவட்டமோ நெல்லையோ தென்காசியோ): கர்ப்பிணிகள், டயாலிசிஸ் நோயாளிகள் கிளம்ப வேண்டும். மோட்டார் மேட்டுக்கு. மாடு, ஆடு மேட்டுத் தொழுவத்துக்கு. போன், பவர் பேங்க் முழு சார்ஜ். முகாம் சாவி கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிவப்பு: பொழுது சாயும் முன் ஆற்றங்கரைத் தெரு மூன்றும் காலி. மழை விட்டிருந்தாலும் காலி. மறுநாள் காலை 8.30 வரை திரும்பக் கூடாது.

எந்த நிறமும் இல்லாமலே ஆற்றுத் தண்ணீர் கீழ்ப் படித்துறையைத் தாண்டினால்: கோயில் மைக், பள்ளிவாசல் மைக், சர்ச் மணி மூன்றும் ஒலிக்கும். உடனே கிளம்பு.

மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. மாவட்டம் 1077."

வாழைத்தோட்டம்
அண்ணாச்சி, அருமை. மேலத்தெருக்காரங்க மைக்குக்கு இன்வெர்ட்டர் இருக்கான்னு கேட்டுக்கோங்க. அன்னைக்கு முதல்ல போனது கரண்டு, அடுத்து செல்போன் டவர். டிராக்டர் பேட்டரியில ஓடுற ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு எங்கிட்ட இருக்கு, வேணும்னா எடுத்துக்கோங்க.

தென்பெண்ணைக்கரை
ஒரு திருத்தம். வெளியூர்ல இருக்கிற பிள்ளைங்க 1077 அடிச்சா அவங்க இருக்கிற மாவட்டத்துக்குப் போயிடும். முன்னாடி உங்க எஸ்டிடி கோடு சேர்த்து போர்டுல எழுதுங்க. அந்த ராத்திரி துபாய்லயும் சென்னையிலயும் இருக்கிற பிள்ளைங்கதான் அதிகமா போன் அடிப்பாங்க.

ஏரல்காரர்
சரி, 0461 சேர்த்துடறேன். ஆம்ப்ளிஃபயரை ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிறேன் அண்ணாச்சி. ஓடை சுத்தம் பண்ண ஊராட்சியில மனு கொடுத்தாச்சு, ஜேசிபி வரலைன்னா நாங்களே மண்வெட்டியோட இறங்குறோம். கீழ்ப் படித்துறை அடையாளத்துக்கு எந்தப் படின்னு பெரியவங்ககிட்ட கேட்டு, 2023ல தண்ணி ஏறின உயரத்தையும் பக்கத்துலயே பெயின்ட்ல குறிக்கப் போறோம்.